புரோ சைக்கிளிங் மேனேஜர் 2023: மூணு மாசம் விளையாடிட்டு எழுதுற ரிவ்யூ

ஜூலை வந்தா டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ விடாம பாக்குற ஆள் நான். நம்ம டைமுக்கு ஒரு ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம்) முடியுறப்போ ராத்திரி 9 மணி கிட்ட ஆயிடும், சாப்பாட்டுத் தட்டோட உக்காந்து கடைசி 50 கிலோமீட்டர் பாக்குறது வழக்கம். ஆனா ரொம்ப நாளா ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்ல. காலைலேயே நாலஞ்சு பேர் தனியா பிச்சுக்கிட்டு முன்னாடி போறாங்க, மீதி 170 பேரும் பின்னாடி கூட்டமா வர்றாங்க, அஞ்சு நிமிஷம் கேப் கூட குடுக்குறாங்க, அப்புறம் முடிவுக் கோட்டுக்கு 5 கிலோமீட்டர் இருக்கறப்போ சொல்லி வெச்ச மாதிரி அவங்களைப் புடிச்சுடுறாங்க. அது எப்படி, யார் முடிவு பண்றாங்க, ஏன் முன்னாடியே புடிக்கல? கமெண்டரி கேட்டு எனக்குப் புரியாத இந்த விஷயத்தை இந்த கேம்தான் புரிய வெச்சுது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். பிரான்ஸ்ல இருக்கற சயனைட் ஸ்டுடியோ பண்ற கேம் இது. 2001ல சைக்கிளிங் மேனேஜர்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் புரோ சைக்கிளிங் மேனேஜர்னு பேர் மாறி வருஷா வருஷம் டூர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு வருது. இதே கம்பெனி கன்சோலுக்கு டூர் டி பிரான்ஸ்னு வேற கேம் பண்றாங்க, அதுல நீங்களே ஒரு ரைடர ஓட்டுவீங்க. ரெண்டையும் குழப்பிக்காதீங்க, வாங்குறப்போ பேர சரியா பாத்து வாங்குங்க. இதுல நீங்க சைக்கிள் ஓட்டப் போறதில்ல, டீம் கார்ல உக்காந்துக்கிட்டு ரேடியோல "நீ முன்னாடி போ, நீ அவன் பின்னாடியே இரு, நீ தண்ணி எடுத்துட்டு வா"ன்னு சொல்ற டைரக்டர் வேலைதான் உங்களுது. எட்டு பேரையும் ஒரே நேரத்துல கவனிக்கணும்.

முதல் ரேஸ்ல நான் பண்ணத சொல்றேன், ஏன்னா புதுசா வர்ற எல்லாரும் அனேகமா இதைத்தான் பண்ணுவாங்க. ஒரு மலை ஸ்டேஜ் எடுத்தேன், டீம்லயே பெரிய கிளைம்பரை (மலை ஏறுறதுல கெட்டிக்காரனை) செலக்ட் பண்ணேன், கடைசி ஏத்தம் ஆரம்பிச்ச உடனே அட்டாக் பட்டன தட்டினேன். அவன் பறந்தான், 20 செகண்ட் கேப் வந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம். ரெண்டு கிலோமீட்டர்ல அவனோட அட்டாக் பட்டை (அட்டாக்குக்கு எவ்வளவு சக்தி மிச்சம்னு திரைல காட்டறது) காலி, அப்புறம் எனர்ஜியும் இறங்க ஆரம்பிச்சுது, அமைதியா ஒரே வேகத்துல ஏறி வந்த ஏழெட்டு பேர் அவனைத் தாண்டிப் போனாங்க, கடைசில நாலு நிமிஷம் லேட்டா வந்து சேந்தான். எந்த பட்டன் எதுக்குன்னு கேம் சொல்லிக் குடுக்குது. எப்ப தட்டக் கூடாதுங்கறத நாமதான் தோத்துத் தோத்து கத்துக்கணும்.

இந்த கேமோட உயிரே அந்த எஃபர்ட் நம்பர்தான். 99 வரைக்கும் போகற ஒரு ஸ்லைடர், ஒரு ரைடர் எவ்வளவு அழுத்தி மிதிக்கணும்னு அதுல வெப்பீங்க. புதுசா விளையாடுறப்போ 90, 95ன்னு வெக்கத்தான் கை போகும். உண்மைல ஏத்தத்துல லீடருக்கு 70லேர்ந்து 75க்குள்ள வெச்சுட்டு அவனோட ஹார்ட் ரேட்டையும் பட்டையையும் பாத்துக்கிட்டே இருந்தா போதும், எல்லாரும் அட்டாக் பண்ணி ஓய்ஞ்சு போனதுக்கு அப்புறம் இவன் மட்டும் அதே வேகத்துல ஏறிக்கிட்டு இருப்பான். இந்த நம்பர் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. 80க்கு மேல மவுண்டன் ரேட்டிங் இருக்கறவனுக்கு 75ங்கறது சாதாரண மூச்சு, 68 இருக்கறவனுக்கு அதே 75 பத்து நிமிஷத்துல கதைய முடிச்சுடும். அதுக்கு மேல அன்னைக்கு அவனோட ஃபார்ம் வேற இருக்கு, மைனஸ் 5லேர்ந்து பிளஸ் 5 வரைக்கும் ஏதோ ஒண்ணு வரும். மைனஸ் 3ல இருக்கற ஸ்டாரை நம்பி டீம் முழுக்க உழைச்சா அன்னைக்கு ரேஸ் போச்சு. ரேஸ் ஆரம்பிச்ச உடனே கேம நிறுத்தி எட்டு பேரோட ஃபார்மையும் பாத்துட்டு, அப்புறம் யாருக்காக ஓட்டறதுன்னு முடிவு பண்ணுங்க. இது ஒண்ண கத்துக்கிட்டதுலயே என்னோட ரிசல்ட் பாதி மாறிடுச்சு.

கண்ட்ரோல்ல அடுத்த பெரிய குழப்பம், ஆர்டர்களுக்கு நடுவுல இருக்கற வித்தியாசம். ரிலேன்னு குடுத்தா அவன் முன்னாடி போய் மத்தவங்களோட மாறி மாறி எதிர்காத்தை தாங்குவான். பொசிஷன் காப்பாத்துன்னு குடுத்தா கூட்டத்துக்குள்ள இருந்துக்கிட்டே சக்திய சேமிப்பான். ஸ்லைடர வெச்சு நாமளே எஃபர்ட் செட் பண்ணா யார் போனாலும் வந்தாலும் கண்டுக்காம தன் வேகத்துல போயிட்டே இருப்பான். அட்டாக்னா இருக்கறத எல்லாம் அள்ளிக் கொட்டுறது. பாதுகாப்புன்னு ஒரு ஆர்டர் இருக்கு, ஒரு டொமெஸ்டிக்கை (லீடருக்காக உழைக்கற ரைடரை) லீடருக்கு முன்னாடி நிறுத்தறது. இந்த கடைசி ஆர்டரைத்தான் நான் ஒரு மாசம் வரைக்கும் தொடவே இல்ல, அதோட அருமை தெரியல. தொட்டதுக்கு அப்புறம்தான் டிவில ஏன் ஒவ்வொரு பெரிய ரைடர் முன்னாடியும் அதே ஜெர்சி போட்ட ரெண்டு பேர் எப்பவும் ஒட்டிக்கிட்டே போறாங்கன்னு புரிஞ்சுது.

எதிர்காத்துல சைக்கிள் மிதிச்ச யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்ல. முன்னாடி போறவன் காத்தை வெட்டுறான், பின்னாடி வர்றவன் அந்த வழில சுளுவா வர்றான். எவ்வளவு சுளுவுன்னா, 2018ல நெதர்லாந்துல ஐண்ட்ஹோவன் யுனிவர்சிட்டில பெர்ட் பிளோக்கன்ங்கற பேராசிரியர் தலைமைல பெரிய கூட்டத்தை வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, பெலோட்டானுக்கு (அந்தப் பெரிய கூட்டத்துக்கு) நடுவுல பின்பக்கமா இருக்கறவனுக்கு தனியா ஓட்டறவன் மேல படுற காத்தோட தடைல வெறும் 5லேர்ந்து 10 சதவீதம்தான் படுதுன்னு தெரிய வந்துச்சு. கேம் இதை முழுசா அப்படியே காட்டுதான்னு அளந்து பாக்க முடியாது, ஆனா 40 பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சு வந்த என் ஸ்பிரிண்டரும், 160 கிலோமீட்டர் பெலோட்டான் முன்னாடி ரிலே பண்ண என் உழைப்பாளியும் கடைசில எந்த நிலைமைல இருக்காங்கன்னு பட்டையப் பாத்தா தெரியும், ஒருத்தன் இப்பதான் படுக்கைலேர்ந்து எழுந்து வந்த மாதிரி இருப்பான், இன்னொருத்தன் அப்படியே நின்னுடுவான்.

சரி, நான் ஆரம்பத்துல கேட்ட பிரேக்அவே, அதாவது பிச்சுக்கிட்டு முன்னாடி போறவங்க பத்தின கேள்விக்கு வர்றேன். பிரெஞ்சு டிவி கமெண்டேட்டரா இருந்த ரோபேர் ஷப்பாத் பேர்ல பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, பெலோட்டான் மனசு வெச்சா 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் புடிச்சுடும். இந்த கணக்க கேம்ல போட்டுப் பாத்தேன். தட்டையான ஸ்டேஜ், நாலு பேர் முன்னாடி, கேப் 5 நிமிஷம், கோட்டுக்கு 60 கிலோமீட்டர் இருக்கு, ரெண்டு ஆளை மட்டும் முன்னாடி அனுப்பி ரிலேல மிதமா 65 கிட்ட வெச்சேன். 40 கிலோமீட்டர் மிச்சம் இருக்கறப்போ 3 நிமிஷம் சொச்சம், 20ல ஒண்ணே முக்கால், 6 கிலோமீட்டர்ல புடிச்சாச்சு. உக்காந்த எடத்துலேர்ந்து எழுந்துட்டேன். ஏன் முன்னாடியே புடிக்கலங்கறதுக்கும் பதில் அப்பதான் கிடைச்சுது. ஒரு தடவ அவசரப்பட்டு 40 கிலோமீட்டர் இருக்கறப்பவே புடிச்சுட்டேன், உடனே புதுசா ஆறு பேர் கிளம்பிட்டாங்க, என் உழைப்பாளிங்க ரெண்டு பேரும் ஏற்கனவே காலி, மறுபடி துரத்த ஆளே இல்ல. முன்னாடி இருக்கற நாலு பேரை அங்கயே தொங்க விட்டு வெக்கறதுதான் உங்களுக்கு லாபம், கேப்ப ஒரு கயிறு மாதிரி கைல புடிச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். இத்தனை வருஷம் டிவில பாத்தும் இது எனக்குத் தோணல.

ஸ்பிரிண்ட் ட்ரெயின் (ஸ்பிரிண்டரை கடைசி வரைக்கும் டீம் ஆளுங்க வரிசையா இழுத்துட்டுப் போறது) தான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்த பாடம், இன்னைக்கும் பத்துல மூணு தடவதான் சரியா வருது. கடைசி 10 கிலோமீட்டர் வந்துட்டா கேம் ஓடற வேகத்தை ஒரு மடங்குக்கு கொண்டு வந்துடுங்க, நிறுத்தி நிறுத்தி விளையாடுங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல. யார் முன்னாடி, யார் அவன் பின்னாடி, கடைசி லீட்அவுட் (ஸ்பிரிண்டரை இழுத்து விடறவன்) யார்னு வரிசை போடணும், ஸ்பிரிண்டர் எப்பவும் கடைசி ஆள். தட்டை ரோட்டுல நல்லா மிதிக்கறவன முதல்ல வைங்க, அக்சலரேஷன் அதிகம் இருக்கறவன ஸ்பிரிண்டருக்கு நேரா முன்னாடி வைங்க. 5 கிலோமீட்டர்லயே எல்லாத்தையும் எரிச்சுட்டா 2 கிலோமீட்டர்ல உங்க ஆள் தனியா காத்துல நிப்பான், அப்ப மத்த டீம் ட்ரெயின் அலை மாதிரி ரெண்டு பக்கமும் வந்து மூடிடும். ட்ரெயின் இல்லாத சின்ன டீம்னா அந்த வேலையே வேண்டாம், இருக்கறதுலயே பெரிய ஸ்பிரிண்டரோட பின் சக்கரத்தை புடிச்சுக்கிட்டு கடைசி 250 மீட்டர் வரைக்கும் பொறுத்துட்டு வெளிய வாங்க. நான் ஜெயிச்ச முதல் ஸ்பிரிண்ட் அப்படி வந்ததுதான். மார்க் காவெண்டிஷ் 2024ல டூர்ல 35வது ஸ்டேஜ் ஜெயிச்சு ரெக்கார்ட் போட்டாரே, அந்த கடைசி நிமிஷத்த திரும்பப் போட்டுப் பாருங்க. ஒரு சக்கரத்துலேர்ந்து இன்னொரு சக்கரத்துக்கு தாவிக்கிட்டே வந்து, வழி தெறந்த நொடில வெளிய வர்றார். கேம் விளையாடினதுக்கு அப்புறம் அதைப் பாக்குறது முன்ன பாத்த மாதிரி இல்ல.

ரேட்டிங்ஸ் படிக்கறதுக்கு கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க. ஒவ்வொரு ரைடருக்கும் பதினாலு கிட்ட இருக்கு, தட்டை ரோடு, மலை, மேடு, டைம் ட்ரையல், கல் ரோடு, ஸ்பிரிண்ட், அக்சலரேஷன், இறக்கம், தாங்கும் சக்தி, ரெக்கவரின்னு. மலையும் மேடும் ஒண்ணுதானேன்னு நினைக்காதீங்க. ஆல்ப் டுவெஸ் 13.8 கிலோமீட்டர், 21 வளைவு, அதுக்கு மலை ரேட்டிங் வேணும். பெல்ஜியத்துல ஃபிளெஷ் வல்லோன் ரேஸ் முடியுற மியூர் டி உய் ஏத்தம் வெறும் 1.3 கிலோமீட்டர்தான், சுவர் மாதிரி செங்குத்தா இருக்கும், அதுக்கு மேடு ரேட்டிங் இருக்கறவன்தான் ஜெயிப்பான். அலெஹான்ட்ரோ வல்வெர்டே அங்க 5 தடவ ஜெயிச்சவர், அந்த மாதிரி ஆளைத்தான் அதுக்குத் தேடணும். நானோ என் டூர் கிளைம்பரை அங்க அனுப்பி வெச்சு 30வது எடம் வந்ததுக்கு அப்புறம்தான் இதைப் புரிஞ்சுக்கிட்டேன். இறக்கம் ரேட்டிங்க ஆரம்பத்துல யாருமே பாக்க மாட்டாங்க. 2022 மிலான் சான் ரெமோல போஜ்ஜியோ ஏத்தம் முடிஞ்ச உடனே மட்டெய் மோஹோரிச் சீட்ட கீழ இறக்கற போஸ்ட் மாட்டின சைக்கிள்ல இறக்கத்துலயே எல்லாரையும் விட்டுட்டுப் போய் ஜெயிச்சாரு. கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர் ரேஸ், அதோட முடிவு சில நிமிஷ இறக்கத்துல. அந்த ரேஸுக்கு ஆள் எடுக்கறப்போ இப்பல்லாம் நான் முதல்ல பாக்குறது இறக்கமும் தாங்கும் சக்தியும்தான்.

மலைல ரெண்டு லீடர் வெச்சு விளையாடுற பாடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2022 ஜூலை 13, டூரோட 11வது ஸ்டேஜ், முடியுறது கோல் டு கிரனோன்ல, 11.3 கிலோமீட்டர் ஏத்தம், சராசரி 9.2 சதவீதம். யும்போ விஸ்மா டீம்ல ரொக்லிச்சும் விங்கெகோரும் மாத்தி மாத்தி அட்டாக் பண்ணாங்க, அதுவும் கடைசி ஏத்தத்துல இல்ல, அதுக்கு முன்னாடி வர்ற கலிபியே மலைப் பக்கமே ஆரம்பிச்சுட்டாங்க, மொத்தத்துல முதல் எடத்துக்கான மஞ்சள் ஜெர்சில இருந்த பொகாச்சர் ஒவ்வொண்ணுக்கும் தானே பின்னாடி போனாரு. கிரனோன்ல விங்கெகோர் கிளம்பினப்போ அவர்கிட்ட பதில் இல்ல, அன்னைக்கு மட்டும் 2 நிமிஷம் 51 செகண்ட் போச்சு, ஜெர்சியும் போச்சு. இதே மாதிரி கேம்ல பண்ணலாமான்னு நாலு நாள் முயற்சி பண்ணேன். முதல் மூணு தடவ என் ரெண்டு ஆளுங்களுமே ஓய்ஞ்சுட்டாங்க, ஏன்னா ஒருத்தன் அட்டாக் பண்றப்போ இன்னொருத்தனுக்கு நான் எதிர் அட்டாக் ஆர்டரை எடுக்க மறந்துட்டேன், அவனும் தன் டீம் ஆள் பின்னாடியே ஓடியிருக்கான். நாலாவது தடவ ஒருத்தன் போறப்போ இன்னொருத்தனை எதிராளி சக்கரத்துலயே சும்மா உக்கார வெச்சேன், அப்புறம் மாத்தினேன். ரெண்டாவது ஏத்தம் முடியுறப்போ எதிராளி ஓய்ஞ்சு வர்றதப் பாத்தேன். கடைசி 5 கிலோமீட்டர்ல என் ஆள் தனியா போனான், யாரும் வரல. மணி ராத்திரி ஒண்ணரை, வீட்ல எல்லாரும் தூங்குறாங்க, கத்தக் கூட முடியல.

டைம் ட்ரையல் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, கோட்டைத் தொடறப்போ பட்டை சரியா காலி ஆகற மாதிரி எஃபர்ட்ட பிரிச்சுக் குடுக்கறதுதான் வேலை, எதிர்காத்து, ஏத்தம் வர்ற எடத்துல கூட்டி இறக்கத்துல குறைச்சா செகண்ட் மிச்சமாகும். எனக்கு அது கொஞ்சம் போர். கல் ரோடு வேற ரகம், பாரிஸ் ரூபே ரேஸ்ல 250 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும், அதுல 50 கிலோமீட்டருக்கு மேல கருங்கல் பதிச்ச பழைய ரோடு, ஒவ்வொரு கல் ரோடு வர்றதுக்கு முன்னாடியும் உங்க லீடரை கூட்டத்தோட முதல் 20 பேருக்குள்ள கொண்டு வந்துடணும். பின்னாடி மாட்டினா விழுந்தவங்களுக்குப் பின்னாடி நின்னுட்டு ரேஸே முடிஞ்சுடும்.

கெரியர் மோட்ல டீம் நடத்துறது தனி உலகம். ஸ்பான்சர் டார்கெட், சம்பளம், ஸ்கவுட், ஒப்பந்தம் எல்லாம் உண்டு, ஃபுட்பால் மேனேஜர் விளையாடினவங்களுக்கு பழகின மாதிரி இருக்கும். என் அட்வைஸ், பெரிய டீம் எடுக்காதீங்க. சின்ன டீம் எடுத்தா டூருக்குக் கூப்பிடவே மாட்டாங்க, பெல்ஜியம், பிரான்ஸ்ல சின்னச் சின்ன ஒரு நாள் ரேஸ்தான், ஆனா அங்கதான் ஆர்டர்கள நிதானமா பழக முடியும். யாரும் சீந்தாத ஒரு 19 வயசு பையன கம்மி சம்பளத்துக்கு எடுத்தேன், மலை 66தான் அப்ப. மூணு சீசன் அவன வளத்து 76 ஆக்கினேன். அவன் முதல் ஸ்டேஜ் ஜெயிச்சப்போ வந்த சந்தோஷம் எந்த ஸ்டாரை வாங்கியும் எனக்குக் கிடைக்கல. ஒண்ணு மட்டும், எல்லா ரேஸுக்கும் ஒரே ஆளை அனுப்பி வெச்சா ஜூலைல அவன் களைச்சுப் போயிருப்பான், எப்ப உச்சத்துக்கு வரணும்னு ஜனவரிலயே பிளான் போடணும்.

குறைன்னு பாத்தா, ரைடர் மூஞ்சி, ரோட்டோர ஜனங்க, ஊர் எல்லாம் இன்னைக்கு வர்ற மத்த கேம் முன்னாடி வெச்சா சுமார்தான். லைசென்ஸ் இல்லாத டீம், ரைடர் பேரெல்லாம் கொஞ்சம் மாத்தி வெச்சிருப்பாங்க, ரசிகர்கள் பண்ற டேட்டாபேஸ் இறக்கிப் போட்டா சரியாயிடும், அதை முதல் நாளே பண்ணிடுங்க, பாதி கெரியர்ல மாத்த முடியாது. 8 மடங்கு வேகத்துல ஓட்டினாலும் ஒரு நீளமான ஸ்டேஜ் முக்கால் மணி நேரம் வரைக்கும் போகும், பொறுமை இல்லாதவங்களுக்கு இது ஆகாது. ஒரு வருஷத்து எடிஷன் கைல இருந்தா அடுத்த வருஷத்துது உடனே வாங்கணும்னு அவசியம் இல்ல, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, அதுவும் சேல்ல வாங்கினா போதும்ங்கறது என் கணக்கு.

புதுசா ஆரம்பிக்கறவங்க நார்மல் லெவல்ல, ஒரே ஒரு தட்டை ஸ்டேஜ் எடுத்து, ஜெயிக்கறத மறந்துட்டு ஒரு ரைடரை மட்டும் 150 கிலோமீட்டர் கூட்டத்துக்குள்ள ஒளிச்சு கொண்டு வந்து சேத்துப் பாருங்க. அவனுக்கு தண்ணி எடுத்துட்டு வர ஒருத்தன், காத்தை மறைக்க ஒருத்தன், கடைசில அவன் பட்டை எவ்வளவு மிச்சம்னு பாருங்க. 80 சதவீதத்துக்கு மேல இருந்தா அடுத்த ஸ்டேஜ்ல ஸ்பிரிண்ட் பட்டனைத் தொடலாம்.